ஒயின் கூலர் குளிரவில்லையா? எது பழுது, எது இயல்பு?

ஒயின் கூலரில் 12 டிகிரி வைத்திருக்கிறீர்கள். திரை 20 காட்டுகிறது. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டும் இறங்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பின்பக்கம் எட்டிப் பார்க்காமலே "கேஸ் போயிருக்கும், ஃபில் பண்ணணும்" என்கிறார். வீடுகளில் இருக்கும் சின்ன ஒயின் கூலர்களில் ஏராளமானவற்றில் கேஸே கிடையாது. இல்லாத கேஸை நிரப்பவும் முடியாது, அதற்குக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

ஒயின் கூலர் பார்வைக்குக் கண்ணாடிக் கதவு போட்ட குட்டி ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கிறது. அதனால் ஃப்ரிட்ஜுக்குச் சொல்லும் காரணங்களையே இதற்கும் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே நடப்பது வேறு. அதைப் புரிந்துகொண்டால் பாதிப் புகார்களுக்கு மெக்கானிக்கே தேவைப்படாது.

உங்கள் பெட்டி எந்த வகை?

வீட்டு ஒயின் கூலர்களில் பரவலாக இருப்பவை இரண்டு வகை.

1. கம்ப்ரசர் வகை. பின்பக்கம் கீழே கறுப்பாக உருண்டையான ஒரு உலோகக் கலம், அதிலிருந்து கிளம்பும் செப்புக் குழாய்கள். சாதாரண ஃப்ரிட்ஜின் அதே தொழில்நுட்பம். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்றோ, பழைய பெட்டி என்றால் ஆர்-134ஏ என்றோ கேஸின் பெயரும், அது எத்தனை கிராம் என்பதும் அச்சிட்டிருக்கும்.

2. பெல்டியர் வகை. விளம்பரங்களில் 'தெர்மோஎலக்ட்ரிக்' என்று போடுவது இதைத்தான். தூக்கினால் எடை குறைவாக இருக்கும். பின்பக்கம் ஒரு ஃபேனும், அதற்குப் பின்னால் அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும் ஹீட் சிங்க்கும் தெரியும். குழாயோ கலமோ இருக்காது. ஸ்டிக்கரில் கேஸ் பெயரும் இருக்காது. 6, 8, 12 பாட்டில் கொள்ளும் மேசை அளவுப் பெட்டிகளில் இந்த வகை அதிகம்.

ஹோட்டல் அறைகளில் சத்தமே இல்லாமல் இருக்கும் மினிபார் மூன்றாவது வகை. அம்மோனியாவைச் சூடாக்கி ஓடவிடும் உறிஞ்சல் முறை அது. வீடுகளில் அரிது. இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் உள்ளே திரவம் சரியாக ஓடாமல் குளிர்ச்சியே நின்றுபோகும்.

குளிர்விப்பது என்றால் வெப்பத்தை வெளியே தள்ளுவது

எந்த வகையாக இருந்தாலும் பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து அறைக்குள் விடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: உள்ளிருந்து வெப்பம் எடுக்கப்படுகிறதா, எடுத்த வெப்பம் வெளியே போக வழி இருக்கிறதா, போன வெப்பம் கதவு வழியாகத் திரும்பி வருகிறதா. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

நம் ஊரில் அதிகம் சிக்குவது இரண்டாவது. சுவரை ஒட்டித் தள்ளி வைத்த பெட்டி, மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் செருகிய பெட்டி, வெயில் விழும் ஜன்னல் ஓரப் பெட்டி எல்லாம் தான் வெளியே விட்ட சூட்டையே திரும்பச் சுவாசிக்கின்றன. அலமாரிக்குள் பொருத்தவென்றே செய்யப்பட்ட மாடல்களில் காற்று முன்பக்கம் கீழே உள்ள கிரில் வழியாக வெளியேறும். தனியாக நிற்கும் மாடல்களில் பின்பக்கம் வழியாக வெளியேறும். பின்பக்க வகையை அலமாரிக்குள் வைத்து அடைத்துவிட்டு, குளிரவில்லை என்று குறைப்படுவது பெட்டிக்குச் செய்யும் அநியாயம். கையேட்டில் சொன்ன இடைவெளியை விடுங்கள். கையேடு கிடைக்கவில்லை என்றால் பின்னால் ஒரு கையகலமாவது இருக்கட்டும்.

பெல்டியர் பெட்டியின் எல்லை

1834இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெல்டியர் ஒரு விளைவைக் கண்டார். இரண்டு வேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ச்சினால், ஒரு இணைப்பு வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது, மறு இணைப்பு வெப்பத்தை விடுகிறது. இன்றைய பெட்டிகளில் இந்த வேலையைச் செய்வது 4 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவுள்ள, அரை செ.மீ. தடிமன்கூட இல்லாத ஒரு வெள்ளைச் சில்லு. உள்ளே பிஸ்மத் டெல்லூரைடு என்ற குறைகடத்தித் துண்டுகள் இணை இணையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு முகம் சில்லிடும், மறு முகம் கொதிக்கும். குளிர்ந்த முகத்தில் உள் ஃபேன், சூடான முகத்தில் ஹீட் சிங்க்கும் வெளி ஃபேனும். இயந்திரம் அவ்வளவுதான். அசையும் பாகம் ஃபேன்கள் மட்டுமே என்பதால் அதிர்வு குறைவு, சத்தமும் குறைவு. ஒயினுக்கு இது நல்லது என்று விற்கிறார்கள். அது உண்மையும்கூட.

விற்கும்போது அழுத்திச் சொல்லாதது வேறொன்று. இப்படிப்பட்ட வீட்டுப் பெட்டி அறை வெப்பநிலையைவிடச் சுமார் 11 முதல் 14 டிகிரி வரைதான் கீழே இறக்கும். பெட்டியின் காப்பும் ஃபேனும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைவிடப் பெரிதாகப் போகாது. இனி கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை 24 டிகிரி என்றால் 12 வந்துவிடும். ஏசி இல்லாத சென்னை ஹாலில் மே மாதம் அறையே 33 இருந்தால், 33இல் 13ஐக் கழித்து 20தான் கிடைக்கும். திரையில் 12 என்று வைத்தாலும் 8 என்று வைத்தாலும் அந்த 20 மாறாது. திரையில் நீங்கள் வைப்பது பெட்டிக்குக் கொடுக்கும் இலக்கு. அதை எட்டும் சக்தி அதற்கு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு தெர்மாமீட்டரை அறையிலும் இன்னொன்றைப் பெட்டியின் நடுத் தட்டிலும் வைத்து, இரவு முழுக்கக் கதவைத் திறக்காமல் விடுங்கள். காலையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

1. பெட்டி விடாமல் ஓடியும் வித்தியாசம் 11 டிகிரி அல்லது அதற்கு மேல்: இயந்திரம் நலம். வெப்பமாக இருப்பது அறை.

2. 5 முதல் 10 வரை: ஏதோ ஒன்று பலவீனம். ஹீட் சிங்க்கில் தூசி, தளர்ந்த கதவு ரப்பர், மெதுவாகச் சுற்றும் ஃபேன் என்ற வரிசையில் பாருங்கள்.

3. 5க்கும் கீழே: ஃபேன் நின்றிருக்கலாம், சில்லு போயிருக்கலாம், அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை.

இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். இலக்கை எட்ட முடியாத பெட்டி ஓய்வே எடுக்காது. 70 வாட் பெட்டி நாள் முழுக்க ஓடினால் 1.7 யூனிட், மாதத்துக்குச் சுமார் 50 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டை இது ஒன்றே விழுங்கிவிடும். எட்டக்கூடிய இலக்கை, உதாரணமாக 18ஐ வைத்தால், அறை குளிர்ந்திருக்கும் நேரங்களிலாவது பெட்டி இளைப்பாறும். ஃபேனின் ஆயுளும் கூடும்.

பகலில் ஏசி இல்லாமல், இரவில் மட்டும் ஏசி போடும் அறையில் பெல்டியர் பெட்டியை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே வெப்பநிலை தினமும் ஏறி இறங்கும். பாட்டிலுக்குள் திரவம் விரிந்து சுருங்கக் கார்க்கின் பிடி தளர்ந்து காற்று புகும். ஒயினைப் பொறுத்தவரை மாறாத 17 டிகிரி, தினமும் 12க்கும் 20க்கும் நடுவே ஊசலாடுவதைவிட எவ்வளவோ மேல்.

பெல்டியர் பெட்டியில் உண்மையான பழுது

முதலில் சாகும் பாகம் அநேகமாக வெளி ஃபேன். தூசியும் ஈரமும் சேர்ந்து பேரிங் தேய்கிறது. முதலில் கரகரப்புச் சத்தம், அப்புறம் மெதுவான சுழற்சி, கடைசியில் நின்றுபோகிறது. அதோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. ஃபேன் நின்றதும் ஹீட் சிங்க்கில் சூடு தேங்குகிறது, அந்தச் சூடு சில்லு வழியாகவே பெட்டிக்குள் திரும்புகிறது, சில நாளில் சில்லும் கருகுகிறது. கரகரப்புக் கேட்ட வாரமே ஃபேனை மாற்றினால் சில்லு பிழைக்கும். இந்தப் பெட்டிகளில் போடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் உள்ளதைப் போன்ற 12 வோல்ட் ஃபேன். பழைய ஃபேனின் ஸ்டிக்கரில் அளவும் ஆம்பியரும் போட்டிருக்கும். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனால் வேலை முடிந்தது.

விளக்கு எரிகிறது, இரண்டு ஃபேனும் சுற்றுகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால் சந்தேகம் சில்லின் மேல். வெளி ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் சில்லு வேலை செய்கிறது. அறைச் சூட்டிலேயே இருந்தால் சில்லுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது சில்லே போய்விட்டது. சில்லின் வயர்களில், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 12 வோல்ட்டுக்கு ஒட்டி வந்தும் குளிரவில்லை என்றால் சில்லு. எதுவும் வரவில்லை என்றால் சில்லுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் போர்டு. போர்டில் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை குமிழாக எழும்பியிருந்தால் அதுதான் ஆள்.

இங்கே எச்சரிக்கை அவசியம். போர்டின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை மின்னழுத்தம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் போர்டில் கைவைக்க வேண்டாம்.

சில்லை மாற்றும்போது இரண்டு விஷயம் தப்பக் கூடாது. சில்லின் இரு முகத்திலும், வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும். பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டால் நல்ல சில்லும் சரியாகக் குளிராது. அடுத்து, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொடுத்தால் வெப்பம் எதிர்த் திசையில் பாயும். ஒயினைக் குளிர வைக்க வேண்டிய பெட்டி அதைச் சூடாக்கும்.

திரையில் ஒரு எண், பாட்டிலில் ஒரு எண்

திரை காட்டுவது சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பநிலை. பாட்டிலுக்குள் இருப்பது முக்கால் லிட்டர் திரவம். அறைச் சூட்டில் இருந்த 12 பாட்டிலை அடுக்கிவிட்டு இரண்டு மணி நேரத்தில் 12 டிகிரியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு நாளாவது விட வேண்டும். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருப்பதும் இயல்பே. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும்.

திரையைச் சோதிக்க ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத் தட்டில் ஓர் இரவு வையுங்கள். காலையில் தண்ணீரின் அளவும் திரையின் அளவும் 2 டிகிரிக்குள் இருந்தால் சென்சார் நலம். பெரிய வித்தியாசம் என்றாலோ, எண்ணுக்குப் பதில் 'ஈ1', 'ஈ2' போன்ற குறிகள் வந்தாலோ சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். குறியின் அர்த்தம் மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் இருப்பதை மட்டும் நம்புங்கள். சென்சார் என்பது குளிரக் குளிர மின்தடை கூடும், பாசிமணி போன்ற ஒரு சின்னப் பாகம். பரவலாகப் போடுவது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. மாற்றுவது கடினமில்லை.

கம்ப்ரசர் பெட்டி: சத்தமே பாதி விவரம் சொல்லும்

கம்ப்ரசர் பெட்டிக்கு அறை வெப்பம் அவ்வளவு பெரிய தடை இல்லை. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. ஸ்டிக்கரில் 'காலநிலை வகுப்பு' என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு குறி இருக்கும். 'எஸ்என்', 'என்' என்றால் 32 டிகிரி அறை வரை, 'எஸ்டி' என்றால் 38 வரை, 'டி' என்றால் 43 வரை. குளிர்நாட்டுச் சந்தைக்குச் செய்த 'என்' வகுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கத்திரி வெயிலில் ஓடவிட்டால் அது திணறுவதை யாரும் தடுக்க முடியாது.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

1. சில விநாடி 'ம்ம்ம்' என்ற முனகல், ஒரு 'க்ளிக்', அமைதி, சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல். கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது, ஓவர்லோட் பாதுகாப்பு அதை அணைத்துவிடுகிறது. முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் சாயங்கால நேரம் 180க்கும் கீழே போனால் நல்ல கம்ப்ரசரும் கிளம்பாது. அதற்கு ஸ்டெபிலைசர் போதும். வோல்டேஜ் சரி என்றால் அடுத்தது, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சின்ன சுவிட்சான ரிலே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சில்லறை குலுங்குவதுபோலக் கேட்டால் அது உடைந்துவிட்டது. இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் இந்த ரிலே இருக்காது, அதற்குத் தனி போர்டு.

2. மின்சாரம் போய் வந்த உடனே கிளம்பவில்லை. இது பழுதே இல்லை. குழாய்க்குள் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது ஆகும். பல மாடல்களில் அந்தத் தாமதம் போர்டிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

3. புதுப் பெட்டி, அல்லது வீடு மாற்றிக் கொண்டுவந்த பெட்டி. வண்டியில் படுக்க வைத்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களில் ஏறியிருக்கும். நிமிர்த்தி ஒரு நாள் விட்டு அப்புறம் பிளக்கைப் போடுங்கள்.

4. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, குளிரவில்லை. முதலில் கண்டென்சரின் (வெப்பத்தை வெளியே விடும் குழாய்ச் சுருள்) தூசியைத் துடைத்து, அதன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் குளிராமல், கண்டென்சர் சூடே ஏறாமல், உள்ளே குளிரும் குழாய்ச் சுருளில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடித்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேஸ் விஷயத்தில் ஏமாறாமல் இருக்க ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது மூடிய சுற்று. பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் சில வாரத்தில் மறுபடி அதே கதை. ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. வீட்டுப் பெட்டியில் சில பத்து கிராம்தான் இருக்கும் என்றாலும், அது குழாயில் இருக்கும்போது நெருப்பைக் காட்டிக் குழாயை ஒட்டவைப்பது ஆபத்து. வருகிறவர் தராசில் எடை பார்த்து நிரப்புகிறாரா, ஸ்டிக்கரில் உள்ள அதே கேஸைத்தான் கொண்டுவந்திருக்கிறாரா என்று நின்று பாருங்கள். ஆர்-600ஏ பெட்டியில் ஆர்-134ஏ நிரப்ப முன்வருகிறவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

இரண்டு அறைப் பெட்டிகளில் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் குளிரவில்லை என்றால் கம்ப்ரசர் மேல் பழி இல்லை. பல மாடல்களில் ஒரு அறையின் குளிர்ந்த காற்றை ஒரு குட்டி ஃபேன் அடுத்த அறைக்குத் தள்ளுகிறது. அந்த ஃபேனைப் பாருங்கள்.

தண்ணீர், வியர்வை, பனி

கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். அறை 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இது வழக்கமான நாள். கண்ணாடி 25க்கு வந்தாலே போதும், வியர்த்துவிடும். துடைத்துவிட்டு, இலக்கை இரண்டு டிகிரி ஏற்றிப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியின் நடுவில் ஆவி படிந்தால் மட்டும் அது பழுது. கண்ணாடிகளின் சீல் போய்விட்டது. துடைக்க வழியில்லை, கதவை மாற்றுவதுதான்.

உட்பக்கம் நிறைய ஈரமோ, பின்சுவரில் தடித்த பனியோ இருந்தால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. நான்கு பக்கமும், மூலைகளிலும் இப்படிப் பாருங்கள். சப்பிப்போன ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி விரலால் இழுத்துவிட்டால் பல நேரம் பழைய உருவத்துக்கு வந்துவிடும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். பனியைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். பின்சுவருக்குள் ஓடும் அலுமினியக் குழாயில் ஒரு கீறல் விழுந்தால் கேஸ் முழுக்கப் போய்விடும். அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், தானாக உருகட்டும்.

அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் பின்சுவரின் கீழே உள்ள வடிகால் துளை அடைத்திருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துப் பீச்சினால் திறந்துகொள்ளும். பூஞ்சை வாடையும் பெரும்பாலும் இந்தத் துளையிலிருந்துதான் வரும்.

சத்தத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நான்கு கால்களையும் மட்டமாக்குங்கள், பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குங்கள், பெட்டி சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகும் கரகரப்பு இருந்தால் ஃபேன்.

சரிசெய்வதா, மாற்றுவதா?

ஃபேன், பெல்டியர் சில்லு, சென்சார், ரிலே ஆகியவை விலை குறைந்த பாகங்கள். தயங்காமல் மாற்றலாம். கதவு ரப்பர் கிடைப்பது மாடலைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிகள் ஒயின் பெட்டிகளுக்கும் பொருந்தும். ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் கதவு ரப்பரைப் பத்தாண்டும், சென்சார், போர்டு போன்றவற்றை ஏழாண்டும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அவை சொல்கின்றன. இங்கே வாங்குவோர் உதிரிபாகம் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கம்ப்ரசரே போனாலும், சுவருக்குள் புதைந்த குழாயில் ஓட்டை விழுந்தாலும் சின்னப் பெட்டிக்குச் செலவு செய்வது வீண்.

பழுது பார்க்கும் வரை பாட்டில்களை எங்கே வைப்பது? 33 டிகிரி ஹாலில் வேண்டாம். அந்தச் சூட்டில் திரவம் விரிந்து கார்க்கையே வெளியே தள்ளலாம். சாதாரண ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், ஃப்ரீசரிலிருந்து விலக்கி, படுக்க வையுங்கள். சில வாரங்களுக்கு ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் இழுத்தால்தான் அங்குள்ள வறண்ட காற்றில் கார்க் உலர ஆரம்பிக்கும். சிவப்பு ஒயினை அருந்துவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும்.